என் அண்ணன் உருட்டிய கமர்கட்டு

என் அண்ணன் வீரபத்திரனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது. மழை எப்போது வரும், வத்தல் விலை எப்போது ஏறும், டெல்லியில் யார் தப்புப் பண்ணுகிறார்கள், எதிர்வீட்டுக்காரர் மகனுக்கு ஏன் பெண் அமையவில்லை, எல்லாம் தெரியும். மழை அவர் சொன்ன நாளில் வராது. விலை அவர் விற்ற மறுவாரம்தான் ஏறும். அதெல்லாம் மழையின் தப்பு, விலையின் தப்பு. அவரைக் குறை சொல்ல முடியாது.

இவரோடு இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிற பாண்டியம்மாள் மதினியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அண்ணனைத் தொடாமல் மதினியைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை, அந்த வீட்டு அமைப்பு அப்படி. ஹாலில் பாதியை அண்ணனின் கட்டில் அடைத்துக்கொண்டிருக்கும். மீதியை அவருடைய பேச்சு அடைத்துக்கொண்டிருக்கும்.

மதினி உப்பூர்ப் பக்கத்திலிருந்து நயினார்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்கள் வீட்டில் பரம்பரைப் பெருமை இரண்டு: குண்டு மிளகாய், அதைப் பற்றிய பீற்றல். மாசியிலும் பங்குனியிலும் பழம் பறித்து, களத்தில் காயப்போட்டு, வத்தலாக்கி, வீட்டின் வடக்குப் பக்க அறையான வடக்கறையில் கூரை முட்டக் குவித்துவைப்பார்கள். அதில் வெளுத்துப்போன வத்தலுக்குச் சண்டு என்று பேர். சண்டு பொறுக்குவது பெண்களின் வேலை, விற்பது ஆண்களின் வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று அண்ணனைக் கேட்டால், விற்பதுதான் என்பார். டீக்கடையில் நாலு மணி நேரம் உட்கார வேண்டுமே. மதினி காலை ஏழு மணிக்கு அந்த அறைக்குள் போனால் மதியச் சோற்றுக்குத்தான் வெளியே வருவார். நான் அதற்குள் உட்கார்ந்ததே இல்லை. படிக்கிற பிள்ளை என்று என்னை விட்டுவிட்டார்கள். படித்து, யூனியன் ஆபீசில் கிளார்க்காகி, இரண்டு தெரு தள்ளியே கல்யாணமும் ஆகிவிட்டதால், எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மேற்பார்வை பார்க்க எனக்கு வசதியாகப் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பங்குனி மாதம் எங்கள் தெருவில் சோறும் உறைக்கும், தண்ணீரும் உறைக்கும், வெற்றிலையும் உறைக்கும். காற்றிலேயே வத்தல் இருக்கும். எங்கள் நாக்குக்கு அது தெரியாது. வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி தும்மினால்தான், ஓகோ, வத்தல் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

மகள் ஜெயப்பிரியா கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போன வருடம்தான் மதினிக்கு பிஸ்கட் கிறுக்குப் பிடித்தது. அது கிறுக்கு என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு. மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். உள்ளே சாக்லேட் வைத்து, சூடாகப் பிட்டால் உருகி ஒழுகுகிற குக்கீஸ். மதினி அதைப் பதினைந்து தடவை பார்த்தார். வீட்டில் ஓவன் கிடையாது. அலுமினிய அண்டாவில் வாலிநோக்கம் கல்லுப்பை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, சூடேற்றி, மேலே தட்டை வைத்து மூடினார். சாக்லேட் விஷயம் சரிப்படவில்லை. எங்கள் ஊர் வெயிலில் அது கடையிலிருந்து வீடு வருவதற்குள் கைப்பையில் உருகி ஓடிவிடுகிறது. ஆகவே தனக்குத் தெரிந்ததை வைத்தார். வெல்லப்பாகில் தேங்காய்ப்பூவைப் போட்டுக் கிண்டி உருட்டுகிற கமர்கட்டை.

முதல் பத்து தடவை கமர்கட்டு பிஸ்கட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து தட்டில் தார் ரோடு போட்டது. மதினி அசரவில்லை. பாகைக் கொஞ்சம் இளம்பதத்தில் இறக்கினார். சின்ன அரைநெல்லிக்காய் அளவில் உருட்டினார். பொட்டுக்கடலை மாவில் புரட்டி, ஃபிரிட்ஜில் வைத்து, கெட்டியானதும் எடுத்து மாவுக்குள் பொதிந்தார். பதினோராவது தடவை ஒன்றுகூடக் கிழியவில்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பல்லில் ஒட்டி இழுக்கிற இனிப்பு.

"பத்து ரூவாய்க்குக் கடையில பிஸ்கட்டு கெடக்கு. இதுக்குப் போயி ஒரு நாள மெனக்கெடுறா பாரு" என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே ஒன்பது தின்றார். கணக்குப் போட்டுச் சொல்கிறேன், ஒன்பது.

ஓவன் வந்த கதை தனி. மதினி வாங்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அண்ணன் அதைப் பற்றி ஒரு வருடம் யோசித்திருப்பார். மதினி அவரிடம் கேட்கவே இல்லை, தன் அண்ணனிடம் கேட்டார். மகள் மூன்றாம் வருடம் படிக்கும்போது, பொங்கல் சீர் கொண்டுவந்த வண்டியில் கரும்புக்கும் மஞ்சள்குலைக்கும் நடுவே ஓவன் வந்து இறங்கியது. பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பினால் ஊர் காறித் துப்பும். அண்ணன் வேறு வழியில்லாமல் மச்சினருக்கு மாலை போட்டு வரவேற்றார். அந்த போட்டோவில் ஒரு கை ஓவன் மேல் இருக்கும். இவரே கண்டுபிடித்த பொருள் மாதிரி.

அதை வைக்க இடம் வடக்கறைதான் என்றார் மதினி. அறுவடைக்கு இன்னும் நாள் கிடந்ததால் அண்ணன் தலையாட்டிவிட்டார். மதினி அறையைக் கழுவிவிட்டு மூன்று தடவை வெள்ளையடித்தார். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் புளியைக் கரைத்துக் கையைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, மறுபடி சோப்புப் போட வேண்டும் என்று சட்டம் வைத்தார். கலெக்டர் ஆபீசில்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அப்போது ஒருநாள் அவர் சொன்னார்.

"செல்வி, இந்த ரூமுக்குள்ள நிக்கையில, அடுத்து என்ன செய்யணும்னு எனக்கு மட்டுந்தான் தெரியுது. யாரும் வந்து சொல்ல முடியல. இந்த வீட்டுல எனக்கு அப்படி ஒரு எடம் இருந்ததே இல்ல."

தை அமாவாசைக்கு மதினியின் அய்யாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனோம். பஸ்ஸில் தின்ன ஒரு டப்பா நிறைய பிஸ்கட் கொண்டுபோயிருந்தார். சங்கு, பாசிமணி, கருப்பட்டி மிட்டாய் விற்கிற பாக்கர் என்பவரின் கடையில் நிழலுக்கு ஒதுங்கினோம். உட்கார நாற்காலி கொடுத்த மனிதருக்கு மதினி இரண்டு பிஸ்கட் கொடுத்தார். அவர் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் காகிதத்தில் மடித்துவைத்தார், வீட்டுக்காம். அப்புறம் விலாசம் கேட்டார். பங்குனியில் போன் வந்தது. பரீட்சை லீவு கூட்டம் வரப்போகிறது, நூறு டப்பா வேண்டும், நன்றாகப் போனால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அறுவடை முடிந்து வத்தல் மூட்டைகள் களத்துக் கொட்டகையில் கிடந்தன. அவருக்கு வடக்கறை வேண்டும். என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"சரக்கு நல்லபடியாப் போயிருச்சுன்னா வடக்கறை ஒனக்கு. நான் ஏன்னு கேக்க மாட்டேன். குத்தம்னு ஒரு டப்பா திரும்பி வந்தாலும் ஓவனைப் பரண்ல ஏத்திரணும். மூட்டை அங்கன போயிரும். நீயும் பழையபடி சண்டு பொறுக்க ஒக்காந்துரு."

"சரி" என்றார் மதினி.

முதல் நாள் ஐம்பது டப்பா முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒன்பது மணிக்குக் கரண்டு போய்விட்டது. மாலை வரை வராது என்று சொல்லிவிட்டார்கள். சரி, உருண்டையாவது உருட்டிவைப்போம் என்று மதினி கேஸ் அடுப்பில் பாகு ஏற்றினார். பாகு பதத்துக்கு வரும்போதுதான் வெண்ணெய் காணாது என்று தெரிந்தது. பரமக்குடிக்குப் போனால்தான் கிடைக்கும். மதினி கிண்டி இறக்கிவைத்துவிட்டு, "சூடு ஆறுறதுக்குள்ள உருட்டிரு செல்வி, நெல்லிக்காத் தண்டிதான்" என்று சொல்லி பஸ் ஏறப் போனார். நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். சட்டப்படி புளியில் கழுவிய கை.

சூடான கமர்கட்டை உருட்டுவது ஃபைல் புரட்டுவது மாதிரி இல்லை. பத்து உருண்டையில் என் விரல் வெந்துவிட்டது. ஊதி ஊதி உருட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்தார். காலையிலிருந்து களத்தில் வத்தலை அள்ளி மூட்டை பிடித்துவிட்டு நேராக வருகிறார்.

"இது ஒரு வேலைன்னு இதுக்கு ரெண்டு பொம்பளையாக்கும்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையைக் கழுவிட்டு வாண்ணே."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். காலையிலிருந்து மூட்டையைத் தட்டிக்கொண்டிருந்த அதே துண்டு. "ம், ஆச்சு" என்று உருட்ட ஆரம்பித்தார். காய்ப்புக் காய்ச்ச கை, சூடு உறைக்கவில்லை. கட்டைவிரல் தண்டிக்கு மளமளவென்று உருட்டித் தள்ளினார். நாற்பது வருடமாக என் அண்ணன் சமையல் பக்கம் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. அந்த அதிசயத்தில் சட்டம் எனக்கு மறந்துவிட்டது என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. எனக்கு விரல் எரிந்தது, யாராவது உருட்டினால் போதும் என்று இருந்தது. சந்தேகத்துக்கு அவர் உருட்டியதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். அருமையாக இருந்தது. அண்ணனும் நாலு போட்டுப் பார்த்தார். அவருக்கும் அருமையாக இருந்தது.

மதினி வந்ததும் உருண்டையைத்தான் பார்த்தார். "என்ன செல்வி, இம்புட்டுப் பெருசா இருக்கு? எல்லாம் நீயா உருட்டுன?"

"ஆமா மதினி. சூடு தாங்கல, பெருசாப் போச்சு" என்றேன். உண்மையைச் சொன்னால் அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி தேங்காய் துருவச் சொல்வார் என்று பயம். மதினியும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்றார். பங்குனி மாதத்து நாக்கு வேறு என்ன சொல்லும்? அண்ணன் அதற்குள் டீக்கடையில், பிஸ்கட் வியாபாரம் தன் கையால்தான் ஓடுகிறது என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். கரண்டு வந்ததும் மதினி விட்ட இடத்திலிருந்து பிடித்தார். மறுநாள் நூறு டப்பாவும் பஸ்ஸில் போயின.

ஐந்தாம் நாள் பாக்கர் போன் பண்ணினார். மதினி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல வித்த டப்பாவெல்லாம் நல்லாருக்குன்னு மறுபடி வந்து கேட்டாக. நேத்து ஒரு வடநாட்டுக் குடும்பம் வாங்குச்சு. அந்தச் சின்னப்புள்ள ஒரு கடி கடிச்சிட்டு அழுத அழுகையில கடைவாசல்ல கூட்டம் கூடிருச்சு. என்னன்னு நானும் ஒண்ணு தின்னேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சுக்கா. மிச்சத்தைப் பஸ்ல போட்டு விடுறேன், என்னன்னு பாருங்க."

நாற்பத்தாறு டப்பா திரும்பி வந்தது. செய்தி கேட்ட உடனே அண்ணன் எங்கள் சித்தப்பா மகன் பாண்டித்துரையை டிராக்டரோடு களத்துக்கு அனுப்பிவிட்டார். ஆறுதல் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது, நேரம் வீணாகுமே.

பங்குனி உத்திரத்துக்கு ஜெயப்பிரியா வந்திருந்தாள். மதினி ஒரு டப்பாவைப் பிரித்துத் தின்று பார்த்தார். என்னிடம் கொடுத்தார். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மகளிடம் கொடுத்தார். மூன்று வருட ஹாஸ்டல் சாப்பாட்டில் அவள் நாக்கு மனுசர் நாக்காக மாறியிருந்தது. ஒரு கடிதான். சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.

"அம்மா, இதுல வத்தல் கெடக்கு. கமர்கட்டு அம்புட்டும் எரியுது."

மதினி கத்தியை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு பிஸ்கட்டை வரிசையாகக் குறுக்கே வெட்டினார். சிலவற்றின் நடுவில் நெல்லிக்காய் அளவு, சிலவற்றில் கட்டைவிரல் அளவு. சிறியதை மகளுக்குக் கொடுத்தார். அவள் நல்லாருக்கு என்றாள். பெரியதைக் கொடுத்தார். அவள் மறுபடி தண்ணீருக்கு ஓடினாள். மதினி என்னைப் பார்த்தார்.

"நான் உருட்டல மதினி. அண்ணன்தான் உருட்டுச்சு. களத்துல இருந்து வந்து கை கழுவாம உருட்டுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி பெரியதில் ஒன்றை எடுத்துத் தின்றார். "என்ன எரியுது இதுல? வெல்லமாத்தான் இருக்கு. வடநாட்டான் நாக்கு சரியில்லைன்னா அதுக்கு நான் என்ன பண்ண? யாரு உருட்டுனா என்ன, சரக்கு திரும்பி வந்துருச்சுல்ல. பேச்சுன்னா பேச்சு. டிராக்டர் வாசலுக்கு வந்துருச்சு."

மதினி கத்தியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஜெயப்பிரியா கார்த்திகையில பொறந்தா. மூணாம் மாசம் தூக்கிக்கிட்டு இங்கன வந்தேன். வந்த மறுநாளே சண்டு பொறுக்க ஒக்கார வச்சீக. மாசி, பங்குனி, சித்திரை, மூணு மாசம் எம்புள்ள மூஞ்சியை நான் தொடல. புளியில கழுவுவேன், மோர்ல கழுவுவேன், எண்ணெயத் தேச்சுக் கழுவுவேன். கழுவிட்டு விரலை எங்கண்ணுல வச்சுப் பாப்பேன். எரியும். முழங்கையில அணைச்சுக்கிட்டு, விரலை மடக்கிக்கிட்டுத்தான் பால் குடுத்தேன். அவ அழுதா கண்ணைத் தொடைக்க அடுத்த ஆளைக் கூப்புட்டேன். எம்புள்ள கண்ணைத் தொடைக்க."

வெட்டிய பிஸ்கட் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார்.

"மூணு மாசம் நான் தொடாம இருந்தேன். ஒருநாப் பகல் ஒங்களால கை கழுவ முடியல. இன்னொரு வீட்டுப் புள்ள அழுதிருக்கு. அது என் குத்தம்னு வடக்கறையப் புடுங்க வாரீக. தர மாட்டேன்."

ஜெயப்பிரியா சொம்பைக் கையில் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் தெரிந்த அண்ணனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. வாசலிலிருந்து பாண்டித்துரை குரல் கொடுத்தான்.

"அண்ணே, மூட்டைய எங்கன எறக்க? வடக்கறையிலயா?"

அண்ணன் எழுந்து, தன் கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார்.

"ஹால்ல எறக்கு" என்றார்.

முப்பத்தெட்டு மூட்டை. டிவி பாதிதான் தெரியும். யாராவது ஏன் என்று கேட்டால், ஹாலில்தான் காற்றோட்டம் நல்லது, வத்தல் பூசணம் பிடிக்காது, இது புது முறை என்று விளக்குகிறார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வம்சத்து ஆண்களுக்குக் கிடையாது என்பதால் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மதினி பாக்கருக்குப் போன் பண்ணி, எங்க வீட்டு ஆளு வத்தக் கையோட உருட்டிட்டாரு, தப்பு எங்க மேலதான், அம்பது டப்பா மறுபடி செஞ்சு தாரேன் என்றார். மெஷின் கோளாறு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மதினிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. பாக்கர் மறுபேச்சுப் பேசாமல் அனுப்பச் சொன்னார். இப்போது மாதாமாதம் போகிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அந்த 'அடுத்த ஆள்' நான்தான். அப்போது நான் பரமக்குடியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். "செல்வி, புள்ள கண்ணைக் கொஞ்சம் தொடச்சு விடு" என்று மதினி கூப்பிடும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டு வருவேன். பெற்ற பிள்ளையைத் தொட்டுத் தூக்காத பொம்பளை, கல்நெஞ்சுக்காரி, பிள்ளை வளர்க்கத் துப்பில்லாதவள், அண்ணன் பிள்ளையை நான்தான் வளர்க்கிறேன் என்று தெருவிலும் காலேஜிலும் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. கல்யாணமான பிறகும் மாமியார் வீட்டில் சொன்னேன். வத்தலே தொடாத கை என்னுடையது. ஏன் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

உத்திரம் கழிந்த மறுநாள் வடக்கறைக்குப் போனேன். மதினி மாவு பிசைந்துகொண்டிருந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். யார் யாரிடம் என்னென்ன சொன்னேன் என்று பெயர்வாரியாகச் சொன்னேன். மதினி பிசைவதை நிறுத்தவில்லை.

"அதெல்லாம் அந்த வருசமே எங்காதுக்கு வந்துருச்சு செல்வி" என்றார். "ஆனா நீ புள்ள கண்ணை நல்லா மெதுவாத் தொடச்சு விட்ட. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அதான் ஒண்ணும் கேக்கல."

நான் புளியைக் கரைத்து, சட்டப்படி கையைக் கழுவிக்கொண்டு, வாசற்படி தாண்டி உள்ளே போனேன்.